நீர்த்தது தெளிந்ததாகுமா?

அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே, மணல் மேட்டில் ஏறி நின்றால் வீராம்பட்டினத்துப் படகுகள் வரிசையாகத் தெரியும். மாலைத் திருப்பலி இல்லாத நாள்களில் அந்தக் கரையில் சிறிது தொலைவு நடப்பது நமது வழக்கம். வலை சீர்செய்யும் பெரியவர்கள், "வாங்க சாமி, உட்காருங்க" என்று பக்கத்தில் இடம் ஒதுக்குவார்கள். ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும் ஊர் இது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்த தேர் அது. துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொடும் வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. சமயம் எதுவாயினும், வெள்ளை அங்கி அணிந்தவரை வேற்றாளாக எண்ணாத மக்கள் இவர்கள்.

இவ்வூரின் பெயர் நம் திருச்சபை வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. 1770ஆம் ஆண்டு வாக்கில், போர்களால் அலைக்கழிக்கப்பட்ட பாரீசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் கீழைநாட்டுக் குருமடம், பிஞ்ஞோ தெ பெஏன் அடிகளாரின் தலைமையில் இங்குதான் தஞ்சம் புகுந்தது. சயாம், கொச்சின்சீனா நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் இந்த உப்பங்காற்றைச் சுவாசித்துக்கொண்டு இலத்தீன் படித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு மறைபரப்பு இல்லத்தின் இடிபாடுகள் இன்னும் அரிக்கமேட்டில் நிற்கின்றன.

அதே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியபோது, உரோமை நாட்டிலிருந்து வந்த இருபிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. திராட்சை இரசமும், ஒலிவ எண்ணெயும், மீன் சாறும் அத்தகைய சாடிகளில்தான் கடல்கடந்து வந்தன. செங்கல்லால் கட்டிய தொட்டிகளையும் வடிகால்களையும் வீலர் கண்டார். அவை மெல்லிய துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்பட்டவை என்று கருதினார். தொட்டிகள் எதற்கானவை என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். வடிகால் மட்டும் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்கிறது: பயன்படுத்தி முடித்த நீரை எங்கே விடுவது என்னும் கேள்வி இந்த ஆற்றங்கரைக்குப் புதியதன்று.

அந்தப் பழைய கேள்வியை நம் முன் புதிதாகக் கொண்டுவந்து வைத்தவன் ஓர் இளைஞன். அவன் தந்தை இவ்வூரில் கடலுக்குச் செல்பவர். மகன் டிப்ளமா படித்து முடித்து, கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, வளைகுடா நாடொன்றில் எண்ணெய் வயலில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின்கீழ் வேலைக்குச் சேர்ந்தான். எண்ணெய் எடுக்கும்போது உடன்வரும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிரிவில் இரவு நேரப் பணி. விடுமுறைக்கு வந்திருந்தவன் ஒரு மாலை, கவிழ்த்து வைத்திருந்த படகின் ஓரத்தில் நம் அருகே வந்து உட்கார்ந்தான்.

"சாமி, உங்ககிட்ட ஒரு கணக்குக் கேட்கணும்" என்றான்.

வாசகர்கள் ஒன்றை அறிய வேண்டும். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட செய்தி அன்று. திறந்த கடற்கரையில், அவன் தந்தையும் அருகிருக்க, அவன் தானாகச் சொன்னது. எழுதலாமா என்று பின்னர் கேட்டபோது, "பேரும் கம்பெனியும் வேண்டாம் சாமி, மத்ததை எழுதுங்க" என்று இசைவளித்தான். ஆகவே எந்த நாடு, எந்த நிறுவனம் என்பதை இங்கே குறிக்கப்போவதில்லை.

அவனுடைய கணக்கைச் சொல்வதற்கு முன், அந்த நீர் யாது என்பதைச் சற்று விளக்க வேண்டியுள்ளது. நிலத்தடியில் எண்ணெய் ஓர் ஏரியைப் போலத் தேங்கி நிற்பதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மையில் மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் நுண்ணிய துளைகளில்தான் எண்ணெய் தங்கியிருக்கிறது. அதே பாறையில் மிகப் பழைய காலத்து உப்புநீரும் தங்கியிருக்கிறது. கிணறு தோண்டி எண்ணெயை மேலே கொணரும்போது அந்த நீரும் கூடவே வருகிறது. களத்தில் இதனைப் 'புரொட்யூஸ்டு வாட்டர்' என்பார்கள். உடன்வரும் நீர் என்று நாம் அழைக்கலாம்.

உடன்வருவது என்றால் சிறிதளவு என்று நினைத்துவிடக் கூடாது. உலகச் சராசரியாக ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ மூன்று பீப்பாய் நீர் வெளிவருவதாக மதிப்பிடுகிறார்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். வயல் முதுமையடைய முதுமையடைய எண்ணெய் குறைந்து நீர் பெருகும். பத்துப் பங்கில் ஒன்பது பங்கு நீராகவே வரும் கிணறுகளும் உள்ளன. ஆகவே எண்ணெய்த் தொழிலை நீர்த்தொழில் என்று சொன்னாலும் தவறாகாது.

இந்த நீரில் எண்ணெய்த் துளிகள் மிதக்கும். பென்சீன், பீனால் முதலிய நச்சுப் பொருள்கள் கரைந்திருக்கும். உப்பின் அளவு வயலுக்கு வயல் மாறுபடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டென்றால், சில வயல்களின் நீரில் அதனைப் போலப் பலமடங்கு இருக்கும். பேரியம் போன்ற உலோகங்களும், சில இடங்களில் ரேடியம் என்னும் கதிர்வீச்சுப் பொருளும் காணப்படுகின்றன. குழாய் துருப்பிடியாமலும் கிருமி வளராமலும் இருக்க மனிதர் சேர்க்கும் மருந்துகளும் இவற்றோடு கலக்கின்றன. இப்படிப்பட்ட நீரை அப்படியே வயலிலோ ஆற்றிலோ விட்டால், மண் உப்பேறிப் பயிர் கருகும். மீனில் எண்ணெய் நாற்றம் ஏறும். நாற்றமேறிய மீனை ஏலத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதை இக்கரை மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூய்மை செய்யும் முறையை அந்த இளைஞன் மணலில் குச்சியால் வரைந்து காட்டினான். கிணற்றிலிருந்து வருவது முதலில் 'செப்பரேட்டர்' என்னும் பெரிய உருளைக் கலனுக்குள் செல்கிறது. அங்கே வாயு மேலேயும், எண்ணெய் நடுவிலும், நீர் அடியிலுமாகப் பிரிகின்றன. எண்ணெயும் நீரும் தயிர் கடைந்தாற்போல் ஒன்றிக் கலந்திருந்தால் சூடேற்றியும், பிரிக்கும் மருந்தைச் சேர்த்தும் அவற்றை விலக்குகிறார்கள். அடியில் நின்ற நீர் நீண்ட தொட்டிகளில் மெல்ல நகர்ந்து செல்லும்போது பெரிய எண்ணெய்த் துளிகள் மேலே மிதக்கின்றன. அவற்றை வழித்தெடுத்து மீண்டும் எண்ணெயோடு சேர்க்கிறார்கள். அதன்பின் சாய்வாக அடுக்கிய தகடுகளின் இடையே நீரைச் செலுத்துகிறார்கள். சிறு துளிகள் தகட்டில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து மேலேறுகின்றன.

இங்கே ஓர் இயற்கை விதி குறுக்கிடுகிறது. 1851இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் கண்டுரைத்தது அது. துளியின் விட்டம் பாதியானால் அது மேலேறும் வேகம் நான்கில் ஒன்றாகிவிடும். பத்தில் ஒன்றானால் வேகம் நூற்றில் ஒன்றாகும். பெரிய துளிகள் விரைவில் விலகிவிடும். சிறியவை நெடுநேரம் தங்கிவிடும். ஆகவே அடுத்த கட்டத்தில் படிகாரமும், 'பாலி' என்று தொழிலாளர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஒட்டு மருந்தும் சேர்த்து, அடியிலிருந்து நுண்ணிய காற்றுக் குமிழிகளை எழுப்புகிறார்கள். குமிழிகள் சிறு துளிகளைச் சுமந்து நுரையாக மேலே கொண்டுவருகின்றன. பின்னர் மணல் அல்லது வாதுமை ஓட்டுத் தூள் நிரப்பிய வடிகட்டி. கரைந்துள்ள நஞ்சை உண்ண நுண்ணுயிர்த் தொட்டி. ஆனால் உப்பு மிகுந்தால் அந்த நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். உப்பை நீக்க வேண்டுமாயின் சவ்வு வழியே அழுத்தித் தள்ளும் முறையோ, ஆவியாக்கும் முறையோ தேவை. அதற்குச் செலவும் மின்சாரமும் மிகுதி. இவற்றுள் ஒவ்வொரு கட்டமும் பொறுமையைக் கேட்கிறது. எதையும் விரைவுபடுத்த இயலாது.

நமது நாட்டில் இதற்குச் சட்டம் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்கீழ் எண்ணெய் எடுக்கும் தொழிலுக்கென 1996இல் வகுக்கப்பட்ட அளவுகளின்படி, நிலப்பகுதியில் வெளியேற்றும் நீரில் எண்ணெயும் பசையும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. குளோரைடு 600, கரைந்த உப்புகள் மொத்தம் 2,100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. கடலில் விடுவதாயின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சோதனைகளில் எண்ணெய் 40 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒருபோதும் 100ஐத் தாண்டக் கூடாது. கைவிட்ட கிணற்றில் செலுத்துவதாயின், தரைமட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குக் கீழேதான் செலுத்தலாம். கடலுக்கான விதியில் ஒரு சிறு சொற்றொடர் உள்ளது: நீர் கலந்து நீர்க்கச் செய்யாமல் இந்த அளவு இருக்க வேண்டும். அந்தச் சிறு சொற்றொடரில்தான் இளைஞனின் கணக்கு அடங்கியிருக்கிறது.

ஓர் இரவு குமிழித் தொட்டிக்கு மருந்து செலுத்தும் பம்பு பழுதாகிவிட்டது. மாதிரி எடுத்துப் பார்த்தபோது எண்ணெய் 30 மில்லிகிராம் காட்டியது. அங்கே அனுமதித்த அளவு 10. உற்பத்தியைக் குறைத்தாலன்றி நீரைத் திருப்பி முதல் தொட்டிக்கு அனுப்ப இயலாது. மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். 'கடைசித் தொட்டியில் நல்ல தண்ணீர் வால்வைத் திறந்துவிடு; பிறகு பாட்டிலில் பிடி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவன் திறந்தான். எண் பத்துக்கு இறங்கியது. பதிவேட்டில் பத்து என்று எழுதினான். பம்பு சரியாகும்வரை மூன்று இரவுகள் இவ்வாறே நடந்தது.

"பாருங்க சாமி" என்று மணலில் எழுதினான். "ஒரு லட்சம் லிட்டர் தண்ணி, லிட்டருக்கு 30 மில்லிகிராம், மொத்தம் மூணு கிலோ எண்ணெய். அதுல ரெண்டு லட்சம் லிட்டர் நல்ல தண்ணி கலந்தேன். இப்போ மூணு லட்சம் லிட்டர், லிட்டருக்குப் பத்து. மொத்தம் எவ்வளவு?"

மூன்று கிலோதான். நாமும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம்.

"அப்போ நான் எதைச் சுத்தம் பண்ணினேன்?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

வலையிலிருந்து கண்ணெடுக்காமல் தந்தை சொன்னார்: "கடல் பெரிசு, எல்லாத்தையும் தாங்கிக்கும்னு சொல்றாங்க. பெரிசுதான். ஆனா குஞ்சு மீன் கரையோரத்துலதானே வளருது சாமி. துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் கல்லைக் கொட்டினாங்க, வடக்கே கரை போச்சு. கடல்ல எங்கே எது பண்ணினாலும் வேற எங்கேயோ போய்த்தான் தெரியும்."

அன்றிரவு பங்கு இல்லத்திற்குத் திரும்பியபின்னும் அந்தக் கணக்கு நம்மை விடவில்லை. திருப்பலியில் இரசத்தோடு ஒரு துளி நீர் சேர்க்கிறோம். அந்த நீர் மிகுந்துபோனால் அது இரசமாகவே இராது, பலிக்கு உதவாது என்று குருமடத்தில் படித்தோம். நல்லதில் நீர் மிகுந்தால் நல்லது கெட்டுவிடுகிறது. கெட்டதில் நீர் மிகுந்தால் மட்டும் அது நல்லதாகிவிடும் என்று ஏன் நம்புகிறோம்? மூன்று கிலோ எண்ணெய் அப்படியே இருக்கிறது. நம் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாதபடி அது பரந்துபோயிற்று என்பது மட்டுமே உண்மை.

இது தொலைநாட்டுச் செய்திதானே என்று வாசகர் எண்ணலாம். நமது உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே, காரைக்கால் நிரவியில், காவிரிப் படுகையின் எண்ணெய் எரிவாயுப் பணிகளை நடத்தும் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் அலுவலக வளாகம் இருக்கிறது. நரிமணத்தில் 1980களில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1993இல் நாகைக்கு அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. காரைக்கால் பகுதியில் நாம் பணியாற்றிய நாள்களில், நெல்வயல்களுக்கு நடுவே இரவெல்லாம் எரியும் வாயுச்சுடரைப் பார்த்துக்கொண்டே நோயாளர் வீடுகளுக்குச் சென்றதுண்டு. அந்தச் சுடர் கண்ணில் பட்டது. அதனோடு மேலே வந்த நீரைப் பற்றி ஒருநாளும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

மக்கள் எண்ணிப் பார்த்த நாள்களும் வந்தன. 2017 ஜூன் 30ஆம் நாள் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. ஊரே திரண்டு போராடியது. 2020இல் தமிழ்நாட்டு அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில் நாகூர் பட்டினச்சேரிக் கரையில் கடலடியில் சென்ற கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. மீனவர்கள் அந்தக் குழாயையே அகற்றும்படி கேட்டுப் போராடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அவ்வூர் மீனவரே படகேறிச் சென்று அதனை அள்ளினார்கள். வீராம்பட்டினத்தை அடுத்த கடலும் இதற்கு விலக்கன்று. விழுப்புரம், புதுச்சேரி, கடலூர்க் கரையோரத்தில் எண்ணெய் தேடும் உரிமை 2018இல் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. 2019 ஜூலையில் புதுச்சேரிச் சட்டமன்றம் அத்தகைய திட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.

இவற்றுள் மக்களைத் தெருவுக்கு அழைத்தவை பெரும்பாலும் கசிவுகளே. கசிவு ஒரு விபத்து, அன்றே கண்ணுக்குத் தெரியும், செய்தித்தாளில் வரும். உடன்வரும் நீரோ விபத்து அன்று, அன்றாடச் செயல். எண்ணெய் எடுக்கும் ஒவ்வொரு நாளும் அது வந்துகொண்டே இருக்கிறது. அது ஒழுங்காகத் தூய்மையாக்கப்படுகிறதா என்பதைக் காட்டுவது ஒரு பதிவேட்டின் எண் மட்டுமே. அந்த எண்ணின் பின்னால் ஒரு மனிதனின் மனச்சான்று இருக்கிறது.

அந்த மனச்சான்று உறங்கினால் என்ன நேரும் என்பதற்கு எக்குவதோர் நாட்டின் அமேசான் காட்டுப்பகுதி ஒரு சான்று. அங்கே எண்ணெய் எடுத்த டெக்சாகோ நிறுவனத்தின் காலத்தில், உடன்வந்த நீர் திறந்த குழிகள் வழியாக ஓடைகளில் விடப்பட்டது. அந்த ஓடைகளில்தான் மக்கள் குடித்தார்கள், குளித்தார்கள், மீன் பிடித்தார்கள். 1993இல் அவர்கள் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார்கள். பின்னர் எக்குவதோர் நீதிமன்றம் பெருந்தொகை இழப்பீடு விதித்தது. ஆனால் அத்தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது என்று 2014இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளியது. நிறுவனங்களும் வழக்கறிஞர்களும் அரசுகளும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிப் பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. நீரைத் தொடக்கத்திலேயே தூய்மையாக்காவிட்டால், பிறகு நீதிமன்றங்களால் அந்த ஓடையை மீட்டுத்தர முடிவதில்லை.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ஓமன் நாட்டின் பாலைவனத்தில் நிமிர் என்னும் எண்ணெய் வயல் உள்ளது. முன்பு அந்த நீரை ஆழக் கிணறுகளில் அழுத்திச் செலுத்தினார்கள். அதற்கு மிகுந்த மின்சாரம் செலவாயிற்று. 2010 இறுதியில் அங்கே நாணல் வளர்த்த பெரும் பாத்திகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். முதலில் எண்ணெயைப் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சிய நீரைச் சரிவின் வழியே நாணற்பாத்திகளில் விடுகிறார்கள். நாணலின் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய எண்ணெயை உண்டுவிடுகின்றன. கடைசியில் ஆவியாக்கும் குளங்களில் உப்பு மட்டும் தங்குகிறது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 45,000 கன மீட்டர் நீருக்கென அமைத்ததைப் பின்னர் ஒரு இலட்சம் கன மீட்டருக்கு மேல் விரிவாக்கினார்கள். வலசை போகும் பறவைகள் அந்தப் பாலைவனத்து நாணற்காட்டில் இறங்கி இளைப்பாறுகின்றன. நீரை விரைவுபடுத்தாமல், அதற்கு வேண்டிய இடமும் நேரமும் கொடுத்தார்கள். அதுவே அவர்கள் செய்தது.

இளைஞனின் கேள்விக்கு வருவோம். "நான் வேலையை விட்டுடணுமா சாமி?" என்று மறுநாள் கேட்டான். விட்டுவிடு என்று சொல்வது நமக்கு எளிது. கடனுக்கு வட்டி கட்டுபவர் நாமல்லவே.

வீராம்பட்டினத்தில் குருமடம் நடந்த அதே காலத்தில் நேப்பிள்ஸ் நாட்டில் வாழ்ந்த புனித அல்போன்ஸ் லிகோரி, பிறர் செய்யும் தீமையில் நாம் பங்குபெறும் வகைகளை நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். தீமையைத் தானும் விரும்பிக் கைகொடுப்பது ஒன்று; விரும்பாமலே, தன் வேலையின் வழியாக அதற்குப் பயன்பட்டுவிடுவது இன்னொன்று. முன்னது எப்போதும் தவறு. பின்னதை, எவ்வளவு நெருக்கமான செயல், எவ்வளவு பெரிய தீங்கு, தவிர்க்க எவ்வளவு வழி இருந்தது என்றெல்லாம் எடைபோட வேண்டும். அந்த ஆலையில் வேலை செய்வது தவறன்று. ஆலை இல்லாவிட்டால் நீர் அப்படியே கடலுக்குப் போகும். வால்வைத் திறந்தது அச்சத்தால் நேர்ந்தது. ஆனால் 30 என்று கண்டதைப் பத்து என்று எழுதிய கை அவனுடையது. அதை மேற்பார்வையாளரின் கணக்கில் எழுதிவிட முடியாது.

ஆகவே இவ்வாறு சொன்னோம்: "தம்பி, வேலையை விடாதே. நீ விட்டால் அந்த இடத்திற்கு வருபவனுக்கு இந்தக் கணக்கு உறுத்தாமலே போகலாம். ஆனால் கண்ட எண்ணை எழுது. மாற்றி எழுதச் சொன்னால், பணிவாக, அந்த ஆணையை எழுத்தில் தரும்படி கேள்."

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டான்: "சாமி, கோயில் ஜெனரேட்டர்ல மாத்துற பழைய ஆயிலை இப்போ எங்கே ஊத்துறாங்க?"

நமக்கு விளங்கவில்லை. சிறுவயதில் பலிபீடப் பணியாளனாய் இருந்தபோது, அந்தப் பழைய எண்ணெயைக் கோயில் பின்புற வாய்க்காலில் ஊற்றிவிட்டு வரும்படி தன்னைத்தான் அனுப்புவார்கள் என்றான். அந்த வாய்க்கால் ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் போகிறது. மறுநாள் காலை ஜெனரேட்டர் பார்ப்பவரைக் கேட்டோம். "அதே இடத்துலதான் சாமி, எப்பவும்போல" என்றார். ஒவ்வொரு முறையும் ஆறேழு லிட்டர். இத்தனை ஆண்டுகள் பங்குத்தந்தையாய் இருந்து, எரிபொருள் வாங்கிய இரசீதை எல்லாம் சரிபார்த்துக் கையொப்பமிட்ட நாம், அந்த எண்ணெய் பின்னர் எங்கே போகிறது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது, நீர் கலந்தது, கறை தெரியவில்லை. மேற்பார்வையாளரை மனத்திற்குள் கடிந்துகொண்ட நமக்கு, நம் சொந்தப் பதிவேடு அன்று காட்டப்பட்டது.

தூய குடிநீர் பெறுவது மனிதரின் அடிப்படை உரிமை என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் உரைக்கிறது. அதை விளக்கி நாம் மறையுரை ஆற்றிய ஞாயிறுகளிலும் அந்த வாய்க்கால் அங்கேயே இருந்தது. பெட்ரோலும் டீசலும் எரிக்கும் நாம் ஒவ்வொருவரும் உடன்வரும் நீரிலும் ஒரு பங்குக்கு உரியவர்கள். ஒரு லிட்டரை நாம் வாங்கும்போது, அதனோடு எங்கோ மேலே வந்த நீர் நம் பெயரில்தான் வந்திருக்கிறது. அதனைத் தூய்மையாக்க ஆகும் செலவையும் நேரத்தையும் விலையிலிருந்து கழித்துவிடும்படி கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

இளைஞன் விடுமுறை முடிந்து திரும்பிச் சென்றான். மூன்று மாதங்களுக்குப்பின் அவன் தந்தையைக் கரையில் கண்டோம். பம்பு மறுபடியும் நின்ற ஓர் இரவு, மகன் 28 என்று கண்டு 28 என்றே எழுதினானாம். மாற்ற வேண்டுமென்றால் எழுத்தில் தரும்படி கேட்டானாம். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. அன்றிரவு உற்பத்தியைக் குறைத்து, நீரை முதல் தொட்டிக்குத் திருப்பினார்கள். அதன்பின் மேற்பார்வையாளர் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரவுப் பணியிலிருந்து பகலுக்கு மாற்றிவிட்டார்கள். இரவுப்படியும் ஓவர்டைமும் போயிற்று. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பதும் தெரியவில்லை.

"காசு குறைஞ்சு போச்சு சாமி. கடன் இன்னும் ஒரு வருசம் இழுக்கும்" என்றார் பெரியவர். ஒரு கண்ணியை முடிந்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா இப்போ தூங்குறானாம்."

நம் பங்கு இல்லத்தின் பின்புறத்தில் இப்போது ஒரு பீப்பாய் நிற்கிறது. ஜெனரேட்டரில் மாற்றும் பழைய எண்ணெயோடு, படகு இயந்திரங்களில் மாற்றுவதையும் சில மீனவர்கள் கொண்டுவந்து அதில் ஊற்றத் தொடங்கியிருக்கிறார்கள். நிறைந்தபின், உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். இதுவரை பாதிதான் நிறைந்திருக்கிறது. மழைநீர் இறங்கி அளவு கூடிவிடாதபடி மூடிபோட்டு வைத்திருக்கிறோம்.